மலை ஏறி உலகை அறிந்தவர்

வாழை விளையும் ஊரில் ஆப்பிள் பழுப்பது இல்லை. பனி மூடிய நாட்டில் தென்னை வளர்வது இல்லை. ஏன் இப்படி?

இந்தக் கேள்விக்கு விடை தேடி, உயிரைப் பணயம் வைத்து மலை ஏறினார் ஒருவர். அவர்தான் ஜெர்மன் விஞ்ஞானி அலெக்சாண்டர் ஹம்போல்ட்.

சுரங்க அதிகாரி

ஹம்போல்ட், 1769-ம் ஆண்டு செப்டம்பர் 14-ந் தேதி பெர்லின் நகரில் பிறந்தார். 9 வயதிலேயே தந்தையை இழந்தார். மகன் அரசாங்க உத்தியோகம் பார்க்கவேண்டும் என்பது தாயாரின் ஆசை. அதன்படி சுரங்க அதிகாரி ஆனார். ஆனால், அவர் மனம் தூர தேசங்களையே நாடியது.

1796-ல் தாயார் காலமானார். பெரும் சொத்து கைக்கு வந்தது. ஹம்போல்ட் வேலையை உதறினார். 1799-ல், பிரெஞ்சுக்காரரான போன்பிளாந்து என்ற தாவர நிபுணருடன் தென் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார்.

பனி மலையில்

இன்றைய ஈக்வடார் நாட்டில் சிம்பராசோ என்ற மலை இருக்கிறது. உயரம் 20,500 அடிக்கு மேல். உலகத்திலேயே உயரமான மலை அதுதான் என்று அந்தக் காலத்தில் நம்பினார்கள்.

1802-ம் ஆண்டு ஜூன் 23-ந் தேதி ஹம்போல்ட் அதில் ஏறினார். வழிகாட்டிகளில் பலர் பாதியிலேயே திரும்பிவிட்டார்கள். மூச்சு திணறியது. தலை சுற்றியது. ஈறுகளில் ரத்தம் கசிந்தது. ஆயினும், அளவுக் கருவிகளை அவர் கீழே வைக்கவில்லை. அவர் கணக்குப்படி 19,000 அடியைத் தாண்டியபோது, பெரும் பிளவு ஒன்று குறுக்கிட்டது. உச்சியை அடையாமலே திரும்பினார்.

கண்ட உண்மை

உச்சி கிடைக்காவிட்டாலும் உண்மை கிடைத்தது. ஆண்டிஸ் மலைத்தொடரின் அடிவாரத்தில் வாழையும் பனை இன மரங்களும் இருந்தன. அதற்கு மேலே, மலைக் காய்ச்சலுக்கு மருந்து தரும் சிங்கோனா மரங்கள். இன்னும் மேலே குட்டைப் புதர்கள். பிறகு புல். முடிவில் வெறும் பனி.

சுமார் 3,300 அடி ஏறினால் வெப்பம் 6 டிகிரி வரை குறையும். ஆகவே, மலை ஏறுவது, வெப்ப நாட்டில் இருந்து துருவத்தை நோக்கி நடப்பதற்குச் சமம்.

குளிர் கூடக்கூடச் செடிகளின் உருவமும் மாறும். ஆண்டிஸில் வளரும் எஸ்பெலிட்டியா என்ற செடியின் இலை முழுவதும் பஞ்சு போன்ற ரோமம் உண்டு. காய்ந்த இலைகள் உதிராமல், கம்பளி போலத் தண்டை மூடி, இரவுக் குளிரில் இருந்து காக்கும்.

ஹம்போல்ட் இவற்றை ஒரே படமாக வரைந்து, 1807-ல் வெளியிட்டார். ஒரே அளவு வெப்பம் உள்ள ஊர்களைக் கோடு போட்டு இணைக்கும் முறையையும் 1817-ல் கொண்டுவந்தார்.

பயணத்துக்கும் புத்தகங்களுக்குமே சொத்து கரைந்தது. 1859-ம் ஆண்டு மே 6-ந் தேதி, தமது 89-வது வயதில் காலமானார்.

மேலே ஏறும் செடிகள்

2012-ல் விஞ்ஞானிகள் சிம்பராசோவில் மீண்டும் ஏறினார்கள். அவர் காலத்தில் இருந்ததைவிட உயரத்துக்குச் செடிகள் ஏறி இருந்தன! பூமி சூடாகிவருவதே முக்கிய காரணம். குளிரைத் தேடிச் செடிகள் மேலே போகின்றன. ஆனால், மலைக்கு ஓர் உச்சி உண்டு. அதற்கு மேல் அவை போக இடம் இல்லை.