மாண்டிசோரி அம்மையார்

திருவில்லிபுத்தூர்க் கோயிலின் கோபுரம் பதினொரு நிலைகளை உடையது. 192 அடி உயரம் கொண்டது. அடிநிலை அகன்றும், மேலே செல்லச் செல்ல ஒவ்வொரு நிலையும் சிறுத்தும் அது வானளாவி நிற்கின்றது. ஆடிப்பூரத் தேர் ஓடும் நாளில் இராஜபாளையத்திலிருந்தும் சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்தும் மக்கள் திரள் திரளாக வருவர். தந்தையின் தோள்மீது அமர்ந்து வரும் குழந்தைகள் அக்கோபுரத்தை அண்ணாந்து நோக்கி வியப்பர். வீடு திரும்பியதும் அவர்கள் செய்வது யாது? மணலைக் குவித்துக் கோபுரம் எழுப்புவர். தீப்பெட்டிகளையும் ஓட்டுத் துண்டுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவர். இவ்வழக்கம் இன்று நேற்றுத் தோன்றியதன்று. சிறுமியர் மணலில் வீடு கட்டி விளையாடுவதைச் சிற்றில் இழைத்தல் என்று நம் முன்னோர் கூறினர். திருவில்லிபுத்தூரில் வாழ்ந்த ஆண்டாள், தாங்கள் கட்டிய சிற்றிலைச் சிதைக்க வேண்டா என்று சிறுமியர் கண்ணனிடம் இரப்பதாகப் பாடியுள்ளார்.

கட்டி விளையாடும் இவ்வேட்கை எல்லா நாட்டுக் குழந்தைகளுக்கும் பொதுவானது. இதனை நன்கறிந்த வணிகர், மரத்தாலும் பிளாஸ்டிக்காலும் ஆன அடுக்குக் கட்டைகளைப் பெருநகரங்களின் கடைகளில் நிறைத்து வைத்துள்ளனர். மதுரைக்கோ சென்னைக்கோ செல்லும் பெற்றோர், நல்ல கட்டைகள் எந்தக் கடையில் கிடைக்கும் என்று வினவிக்கொண்டு தெருத் தெருவாக அலைவதும் உண்டு. விலை மிகுந்ததே சிறந்தது என்று எண்ணி வாங்கி வந்த பொருள் இரண்டே நாளில் மூலையில் கிடக்கும். குழந்தையோ மீண்டும் தீப்பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருக்கும். அங்ஙனமாயின், நல்ல விளையாட்டுப் பொருள் எது? இவ்வினாவுக்குக் கடைக்காரரிடம் விடை தேடாமல், குழந்தையினிடமே விடை தேடிக் கண்டவர் ஒருவர் இருந்தார். அவரே மரியா மாண்டிசோரி அம்மையார்.

அம்மையார் இத்தாலி நாட்டில், ஆங்கோனா நகருக்கு அருகிலுள்ள கியாரவல்லே என்னும் ஊரில் 1870 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 31 ஆம் நாள் பிறந்தார். தந்தையார் அலெசாந்திரோ அரசாங்க அலுவலர்; தாயார் ரெனில்தே நூற்பயிற்சி மிக்கவர். மரியா ஐந்து வயதுச் சிறுமியாக இருந்தபோது குடும்பம் உரோம் நகருக்குக் குடிபெயர்ந்தது. முதலில் கட்டட நுட்பம் முதலிய பொறியியற் கலைகளைக் கற்க அவர் விரும்பினார். அதற்காக, ஆண்பிள்ளைகளே பயின்று வந்த தொழில்நுட்பப் பள்ளியில் பதின்மூன்றாம் வயதில் சேர்ந்தார். பின்னர் அவர் உள்ளம் மருத்துவத்தின்பாற் சென்றது. பெண்கள் மருத்துவம் கற்பதைப் பலரும் ஏற்காத காலம் அது. தந்தையாரும் அதனை விரும்பவில்லை. பிணத்தை அறுத்துப் பயிலும் பாடத்தை ஆண் மாணவரோடு சேர்ந்து கற்க அவருக்கு இசைவு கிடைக்கவில்லை. ஆதலால், மற்ற மாணவர் யாவரும் சென்ற பின்னர், அவர் மட்டும் தனியே இருந்து அப்பாடத்தைப் பயின்றார். இத்தகைய இடையூறுகளுக்கெல்லாம் அஞ்சாது கற்று, 1896 ஆம் ஆண்டில் உரோம் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார்.

பட்டம் பெற்றபின் மனநோய் மருத்துவப் பகுதியில் பணிபுரியும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. அக்காலத்தில் மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளை மனநோயாளரோடு சேர்த்து அடைத்து வைத்திருந்தனர். உணவு முடிந்ததும் அக்குழந்தைகள் தரையில் சிந்திய ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்கித் திரிவதைக் காவற்பெண் ஒருத்தி அருவருப்போடு எடுத்துரைத்தாள் என அம்மையாரின் வரலாற்றை எழுதியோர் கூறுவர். அம்மையார் அவ்வறையைச் சுற்றிப் பார்த்தார். கையால் எடுத்துப் பார்ப்பதற்கு அங்கே ஒரு பொருளும் இல்லை. குழந்தைகள் துணுக்குகளைத் தேடியது வயிற்றுப் பசியாலன்று, கைகளின் பசியாலேயே என்பதை அவர் உணர்ந்தார். பிரெஞ்சு மருத்துவர்களாகிய இத்தார், செகென் என்போர் எழுதிய நூல்களை ஆழ்ந்து கற்றார். தொட்டும் பொருத்தியும் அடுக்கியும் பயிலத்தக்க பொருள்களை அமைத்து அக்குழந்தைகளுக்குக் கற்பித்தார். அவருள் சிலர் மற்றப் பிள்ளைகளோடு ஒப்பத் தேர்வு எழுதித் தேறினர். உலகம் அவரைப் பாராட்டியது. அவரோ, குறையுடைய குழந்தைகளே இவ்வளவு முன்னேறுவராயின், குறையற்ற குழந்தைகள் பள்ளிகளில் ஏன் இத்துணை மந்தமாக இருக்கின்றனர் என்று சிந்திக்கலானார்.

அவ்வினாவுக்கு விடை காணும் காலமும் வந்தது. உரோம் நகரில் சான் லொரன்சோ என்னும் ஏழையர் குடியிருப்பு ஒன்று இருந்தது. கட்டட உரிமையாளர் சங்கம் ஒன்று அங்குள்ள வீடுகளைப் புதுப்பித்தது. பெற்றோர் கூலி வேலைக்குச் சென்றபின், காவலின்றி விடப்பட்ட குழந்தைகள் புதிய சுவர்களைக் கிறுக்கிப் பாழாக்கினர். அவர்களை ஓரிடத்தில் அடக்கி வைத்துப் பார்த்துக்கொள்ளுமாறு அச்சங்கத்தார் அம்மையாரை வேண்டினர். சுவரைக் காப்பதே அவர்கள் நோக்கம். குழந்தையை அறிவதே அம்மையாரின் நோக்கம். 1907 ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 6 ஆம் நாள் குழந்தைகள் இல்லம் அங்கே திறக்கப்பெற்றது. மூன்று வயது முதல் ஆறு வயது வரையுள்ள ஐம்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் அங்கு வந்தனர்.

அவ்வில்லத்தில் அழகிய பொம்மைகள் இருந்தன. அம்மையார் செய்வித்த மரக்கட்டைகளும் இருந்தன. பொம்மைகளைக் கொண்டு விளையாடும் வகையை அம்மையாரே குழந்தைகளுக்குக் காட்டினார். அவர்கள் சற்று நேரம் பார்த்துவிட்டு அகன்றனர்; தாமாக ஒருபோதும் அவற்றைத் தேர்ந்தெடுக்கவில்லை. மரக்கட்டைகளையோ மீண்டும் மீண்டும் நாடி வந்தனர்.

அக்கட்டைகளுள் ஒரு தொகுதி இளஞ்சிவப்பு நிறக் கோபுரம் எனப்படும். அதில் பத்துக் கன சதுரக் கட்டைகள் உண்டு. மிகப் பெரியதன் பக்கம் 10 சென்டிமீட்டர், அடுத்தது 9, இவ்வாறே ஒவ்வொன்றாகக் குறைந்து, மிகச் சிறியதன் பக்கம் 1 சென்டிமீட்டர் ஆகும். பெரியதன் பருமனுக்கு ஈடாகச் சிறிய கட்டைகள் ஆயிரம் வேண்டும். எல்லாக் கட்டைகளும் ஒரே நிறம், ஒரே வடிவம். அளவு ஒன்றே வேறுபடும். ஆதலால் குழந்தையின் கருத்து வேறெதிலும் சிதறாமல் அளவின்மீதே நிலைக்கும். ஒரு கட்டையை இடம் மாற்றி வைத்துவிட்டால் கோபுரத்தின் வரிசை கெட்டுப்போகும். குழந்தையின் கண்ணே அப்பிழையைக் காணும். குழந்தையின் கையே அதனைத் திருத்தும். குறை கூறுவதற்கு ஆசிரியர் வேண்டியதில்லை. அடிப்பதற்கும் அதட்டுவதற்கும் அங்கே இடமே இல்லை.

ஒருநாள் மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, மரப்பலகையிலுள்ள குழிகளில் உருளைக் கட்டைகளைப் பொருத்திக்கொண்டிருந்தாள். ஒன்று தவறினும் முடிவில் ஓர் உருளை பொருந்தாமல் எஞ்சி நிற்கும். அச்சிறுமி எல்லாவற்றையும் பொருத்தினாள், எடுத்தாள், மீண்டும் பொருத்தினாள். அம்மையார் மற்றக் குழந்தைகளைப் பாடச் செய்தார். சிறுமி தலை நிமிரவில்லை. அவள் அமர்ந்திருந்த நாற்காலியை அப்படியே தூக்கி ஒரு மேசைமீது வைத்தார். அவள் பலகையை மடியில் வைத்துக்கொண்டு தன் செயலைத் தொடர்ந்தாள். நாற்பது முறைக்கு மேல் அவ்வாறு செய்தபின், உறக்கம் தெளிந்தவள்போல் முகமலர்ச்சியோடு எழுந்தாள். குழந்தைகளுக்கு ஒருமுகப்பட்ட கவனம் இல்லை என்பது பிழை என்றும், தகுந்த பொருள் கைக்கு எட்டாமையே குறை என்றும் அம்மையார் தெளிந்தார்.

மற்றொரு நாள் ஆசிரியை காலந் தாழ்த்து வந்தார். அதற்குள் குழந்தைகள் பூட்டாத அலமாரியைத் திறந்து, தத்தமக்கு வேண்டிய பொருள்களை எடுத்துச் செல்லத் தொடங்கியிருந்தனர். ஆசிரியை அதனைக் களவு என்று எண்ணினார். அம்மையாரோ, தமக்கு வேண்டியது எது என்பதைக் குழந்தைகள் அறிந்துள்ளனர் என்று மகிழ்ந்தார். அதன்பின் உயர்ந்த அலமாரிகள் நீங்கின. குழந்தையின் கைக்கெட்டும் உயரத்தில் திறந்த தட்டுகள் அமைந்தன.

குழந்தைக்குக் கட்டைகள் வேண்டும் என்பதை முதன்முதலில் உணர்ந்தவர் அம்மையார் அல்லர். ஜெர்மனி நாட்டுப் பிரபெல் என்னும் பேரறிஞர், 1837 ஆம் ஆண்டிலேயே பந்து, உருளை, கன சதுரம் ஆகியவற்றைக் கொண்டு குழந்தைகளைப் பயிற்றும் நிலையம் ஒன்றைத் தொடங்கினார். அம்மையார் தம் ஆராய்ச்சியால் தனி முறை ஒன்றை வகுத்தார். 1909 ஆம் ஆண்டில் தம் முறையை விளக்கி நூல் ஒன்று வெளியிட்டார். அது பல மொழிகளில் பெயர்க்கப்பட்டு எங்கும் பரவியது. குஜராத்தில் கிஜுபாய் பதேகா என்பார், 1920 ஆம் ஆண்டில் பாவநகரில் குழந்தைப் பள்ளி ஒன்றை நிறுவி, அம்முறையை நம் நாட்டுக்கு ஏற்ப அமைத்தார். 1931 ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் காந்தியடிகள் இலண்டனிலுள்ள மாண்டிசோரி ஆசிரியப் பயிற்சிக் கல்லூரிக்குச் சென்றார். இத்தகைய கல்வி செல்வர் வீட்டுக் குழந்தைகளுக்கு மட்டுமன்றி, ஏழைக் குழந்தைகளுக்கும் கிட்ட வேண்டும் என்னும் தம் விருப்பத்தை அங்கே வெளியிட்டார்.

புகழோடு துன்பமும் வந்தது. இத்தாலியை ஆண்ட முசோலினி, குழந்தைகளைப் போர்வீரராக வளர்க்க விழைந்தான். அதற்கு அம்மையார் இணங்கவில்லை. 1934 ஆம் ஆண்டில் அவருடைய பள்ளிகள் அங்கே மூடப்பட்டன. தாய்நாட்டை விட்டு நீங்கி ஸ்பெயினில் வாழ்ந்தார். 1936 ஆம் ஆண்டில் அங்கும் உள்நாட்டுப் போர் மூண்டது. ஹாலந்து நாட்டை அடைந்தார். அந்நிலையில் சென்னை அடையாற்றிலுள்ள பிரம்மஞான சபையின் தலைவர் அருண்டேல், அவரை இந்தியாவுக்கு அழைத்தார். 1939 ஆம் ஆண்டின் இறுதியில், அறுபத்தொன்பது வயது நிரம்பிய அம்மையார், தம் மகன் மரியோவுடன் சென்னைக்கு வந்தார். முந்நூறுக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் அவரிடம் பயிற்சி பெற அடையாற்றில் கூடினர். அவர் இத்தாலிய மொழியில் விரிவுரையாற்ற, மகன் அதனை ஆங்கிலத்தில் பெயர்த்துரைத்தார்.

1940 ஆம் ஆண்டு ஜூன் திங்களில் இத்தாலி போரில் இறங்கியது. இங்கு ஆண்ட ஆங்கில அரசாங்கத்தார்க்கு அவ்விருவரும் பகைநாட்டவர் ஆயினர். மரியோ சிறை வைக்கப்பெற்றார். அம்மையார் அடையாற்றை விட்டு நீங்கலாகாது எனக் கட்டளை பிறந்தது. போரை வெறுத்து நாடு துறந்தவர், அப்போரின் பெயராலேயே மகனைப் பிரிந்தார். ஆயினும் தம் பணியை நிறுத்தவில்லை. ஆகஸ்டுத் திங்கள் 31 ஆம் நாள் அவருக்கு எழுபது வயது நிறைந்தது. அந்நாளில் அரசப் பிரதிநிதி, பிறந்தநாட் பரிசாக மரியோவை விடுவித்தார்.

இராஜபாளையத்திற்கு மேற்கே மதில்போல் நிற்கும் மேற்குத் தொடர்ச்சி மலை, வடக்கே சென்று கிழக்காகக் கிளைத்துப் பழனிமலை எனப் பெயர் பெறுகின்றது. அம்மலைமீதுள்ள கோடைக்கானலில் 1942 ஆம் ஆண்டு முதல் ஏறத்தாழ ஈராண்டு அம்மையார் தங்கினார். பல வயதுக் குழந்தைகள் ஒருங்கே பயிலும் பள்ளி அங்கே அமைந்தது. கட்டைகளை அடுக்கிப் பழகிய குழந்தை வளர்ந்தபின் என்ன கற்க வேண்டும் என்று அங்கே ஆராய்ந்தார். மலையில் விளங்கிய செடி கொடிகளும் உயிரினங்களுமே பாடப் பொருள்களாயின. உலகிலுள்ள யாவும் ஒன்றையொன்று சார்ந்து வாழ்கின்றன என்னும் உண்மையைக் குழந்தைகள் உணருமாறு கற்பிக்கும் முறை அங்கு உருப்பெற்றது.

அம்மையார் 1946 ஆம் ஆண்டில் ஐரோப்பாவுக்குத் திரும்பினார். இந்தியாவில் அவரிடம் பயிற்சி பெற்ற ஆசிரியர் ஆயிரவருக்கு மேலாவர். அவருடைய புகழ்பெற்ற நூல்களுள் ஒன்று, 1949 ஆம் ஆண்டில் சென்னையிலேயே முதலில் வெளிவந்தது. உலக அமைதிக்கான நோபெல் பரிசுக்கு அவர் பெயர் மும்முறை முன்மொழியப்பட்டது. 1952 ஆம் ஆண்டு மே திங்கள் 6 ஆம் நாள் ஹாலந்து நாட்டில் கடற்கரை ஊர் ஒன்றில் அவர் இயற்கை எய்தினார். அவரை அகற்றிய இத்தாலி நாடே, 1990 ஆம் ஆண்டில் அவர் உருவத்தைத் தன் ஆயிரம் லீரா நாணயத்தாளில் பொறித்துப் பெருமை செய்தது.

நல்ல கட்டைகள் எக்கடையில் கிடைக்கும் என்று தேடுவோர்க்கு அம்மையாரின் வாழ்வு விடை கூறுகின்றது. கடையின் பெருமையும் விலையின் உயர்வும் பொருளின் தரத்தைக் காட்டா. அளவு பிசகாது இருத்தல், கையை உறுத்தாத வழவழப்பு, தன் பிழையைக் குழந்தை தானே காணும் அமைப்பு ஆகிய இம்மூன்றுமே நோக்கத்தக்கவை. இவற்றை அறிந்து சொன்னால், இராஜபாளையத்திலோ திருவில்லிபுத்தூரிலோ உள்ள தச்சர் ஒருவரும் அப்பத்துக் கட்டைகளை இழைத்துத் தருவார். பின்னர்ப் பெரியோர் செய்ய வேண்டுவது ஒன்றே. குழந்தை தன் கோபுரத்தைக் கட்டி முடிக்கும்வரை இடையிற் புகாது காத்திருத்தல் வேண்டும். சிற்றிலைச் சிதைக்க வேண்டா என்னும் சிறுமியரின் வேண்டுகோளும், தம் எண்பத்தோராம் வயது வரை அம்மையார் உலகுக்கு விடுத்த வேண்டுகோளும் ஒன்றேயாம்.