சையது அப்துல் ரகீம்

சையது அப்துல் ரகீம் (ஆகஸ்ட் 17, 1909 – ஜூன் 11, 1963) இந்தியக் காற்பந்தாட்டப் பயிற்றுநர் ஆவார். ரகீம் சாகிப் என்று பரவலாக அறியப்படும் இவர், 1950 முதல் தமது இறப்பு வரை இந்திய தேசியக் காற்பந்து அணியின் பயிற்றுநராக இருந்தார். இவரது பயிற்சியில் இந்திய அணி 1951, 1962 ஆகிய ஆண்டுகளின் ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் தங்கப் பதக்கம் வென்றது. 1956 மெல்பேர்ண் ஒலிம்பிக்கில் அரையிறுதிக்கு முன்னேறி நான்காம் இடம் பெற்றது. ஊதியமின்றி ஆடிய இளைஞர்களிடையே திறமையாளரை இனங்கண்டு வளர்த்தெடுத்தமைக்காகவும் இவர் நினைவுகூரப்படுகிறார்.

இளமையும் ஆசிரியப் பணியும்

ரகீம் ஐதராபாத்தில் பிறந்தார். உசுமானியாப் பல்கலைக்கழகத்தில் பயின்றபோது அதன் காற்பந்து அணியில் ஆடினார். கலைப் பட்டம் பெற்றபின் பள்ளி ஆசிரியரானார். பின்னர் உடற்கல்வியிலும் பட்டயம் பெற்று, ஐதராபாத்தின் பல பள்ளிகளில் பணியாற்றினார். மாணவர்களைக் கவனித்து, அவரவர் குறைகளை அறிந்து திருத்தும் ஆசிரியப் பழக்கமே பிற்காலத்தில் இவரது பயிற்சி முறைக்கு அடிப்படையாக அமைந்தது.

ஐதராபாத் காற்பந்துச் சங்கம்

1940களின் தொடக்கத்தில் ரகீம் ஐதராபாத் காற்பந்துச் சங்கத்தின் செயலாளரானார். இறக்கும்வரை இப்பொறுப்பை வகித்தார். நகரின் உள்ளூர்ப் போட்டிகளை ஒழுங்குபடுத்தியதுடன், வழக்கத்திற்கு மாறான பல போட்டிகளையும் நடத்தினார். அவற்றுள் சில:

பந்தைக் காலில் வைத்துக்கொண்டு ஓடுதல் தடை செய்யப்பட்ட போட்டிகள். பந்து வந்தவுடன் மற்றொருவருக்கு அனுப்ப வேண்டியிருந்ததால், ஆடுபவர் பந்து வருமுன்பே களத்தைப் பார்த்து முடிவெடுக்கப் பழகினர்.

வலுவற்ற காலால் மட்டுமே பந்தை உதைக்க வேண்டிய போட்டிகள்.

உயரம் குறைந்தவர்களுக்கான போட்டிகள். உடல் வலிமையால் முந்துபவர்களுக்கு இடையே மறைந்துவிடும் நுட்பமான ஆட்டக்காரர்களை இவற்றில் காண முடிந்தது.

இப்போட்டிகள் பயிற்சியாக மட்டுமன்றித் தேர்வாகவும் பயன்பட்டன. அக்காலத்தில் இந்தியக் காற்பந்தாட்டம் தொழில்முறை விளையாட்டாக இருக்கவில்லை. ஐக்கிய அமெரிக்காவின் பேஸ்பால் கழகங்கள் ஊதியம் பெறும் திறன் தேடுநர்களைப் பள்ளி, கல்லூரி மைதானங்களுக்கு அனுப்பின. புதிய ஆட்டக்காரர்களை முறைவைத்துத் தெரிவு செய்யும் ஏற்பாடு அங்கு 1965ல் தொடங்கியது. இந்தியாவில் அத்தகைய அமைப்பு எதுவும் இல்லை. காவல்துறை, இராணுவம், தொடர்வண்டித்துறை போன்றவற்றில் கிடைக்கும் வேலையே நல்ல ஆட்டக்காரருக்கு வாழ்வாதாரமாக இருந்தது. எனவே ஒருவர் கண்ணில் படுவதும் படாமற்போவதும் உள்ளூர்ச் சங்கங்களின் கவனத்தைப் பொறுத்தே அமைந்தது.

ஐதராபாத் நகரக் காவல்துறை அணி

ரகீமின் பயிற்சியில் ஐதராபாத் நகரக் காவல்துறை அணி நாட்டின் முன்னணி அணிகளுள் ஒன்றானது. 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பையை வென்றது. 1950ல் டுராண்ட் கோப்பையையும் வென்றது. ஐதராபாத் மாநில அணி 1956-57, 1957-58 பருவங்களில் சந்தோஷ் கோப்பையைக் கைப்பற்றியது. நூர் முகம்மது, அசீசுதீன், சுல்பிகாருதீன், யூசுப் கான் முதலிய ஐதராபாத் ஆட்டக்காரர்கள் ரகீமின் பயிற்சியில் இந்திய அணிக்காக ஆடினர்.

பலராமின் தெரிவு

ரகீம் இனங்கண்டவர்களுள் புகழ்பெற்றவர் துளசிதாஸ் பலராம் (1936–2023). செகந்தராபாத்தை அடுத்த அம்முகுடாவில் வறிய தமிழ்க் குடும்பமொன்றில் பிறந்தவர் இவர். செகந்தராபாத்தில் இவரது ஆட்டத்தைக் கண்ட ரகீம், ஐதராபாத்தில் நடைபெறும் பயிற்சிக்கு வருமாறு அழைத்தார். அங்கு வந்து செல்லும் செலவுக்குப் பலராமிடம் பணம் இல்லை. இதனையறிந்த ரகீம், வாடகை மிதிவண்டி எடுத்துவர நாளொன்றுக்கு ஒரு ரூபாய் கொடுத்தார். சிறிது காலத்திலேயே பலராம் 1956 ஒலிம்பிக் அணியில் இடம்பெற்றார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் அங்கேரி, பெரு அணிகளுக்கு எதிராக இந்தியாவின் கோல்களை இவரே அடித்தார்.

தேசிய அணி

1951ல் புதுதில்லியில் நடைபெற்ற முதலாவது ஆசிய விளையாட்டுப் போட்டிகளின் இறுதியாட்டத்தில் இந்தியா ஈரானை 1–0 என்ற கணக்கில் வென்றது. ஆயினும் 1952 எல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோசுலாவியாவிடம் 1–10 எனத் தோற்றது. இந்தியர் பலர் அவ்வாட்டத்தில் வெறுங்காலுடன் ஆடினர். இதன்பின் காலணி அணிதல் கட்டாயமாக்கப்பட்டது.

ரகீம் அங்கேரி அணியின் உத்திகளைக் கூர்ந்து கற்று, நடு முன்கள வீரரைச் சற்றுப் பின்னே நிறுத்தும் முறையைத் தமது அணிகளில் புகுத்தினார். 1956 மெல்பேர்ண் ஒலிம்பிக்கில் இந்தியா ஆஸ்திரேலியாவை 4–2 என வென்றது. நெவில் டிசூசா மூன்று கோல்கள் அடித்தார். அரையிறுதியில் யூகோசுலாவியாவிடம் 1–4 எனவும், வெண்கலப் பதக்கத்திற்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடம் 0–3 எனவும் இந்தியா தோற்றது. 1960 ரோம் ஒலிம்பிக்கில் பிரான்சுடன் 1–1 எனச் சமன் செய்தது.

1962 ஜகார்த்தா

1962 ஆசிய விளையாட்டுப் போட்டிகளுக்கு அணியைக் கொண்டு சென்றபோது ரகீம் புற்றுநோயால் பாதிக்கப்பட்டிருந்தார். பி. கே. பானர்ஜி, சுனி கோஸ்வாமி, பலராம் ஆகியோருடன் பீட்டர் தங்கராஜ், அருமைநாயகம், எத்திராஜ் ஆகிய தமிழர்களும் அணியில் இருந்தனர். முன்னர் 1960 ஒலிம்பிக் அணியில் இருந்த ரகீமின் மகன் சையது சாகித் அக்கீம் இவ்வணியில் இடம்பெறவில்லை.

முதல் ஆட்டத்தில் இந்தியா தென்கொரியாவிடம் 0–2 எனத் தோற்றது. அடுத்து வந்த தாய்லாந்து ஆட்டத்தை 4–1 என வென்றபோதும், பின்கள வீரர் ஜர்னைல் சிங் தலையில் காயமடைந்தார். தையலிடப்பட்ட அவரை அரையிறுதியில் ரகீம் முன்களத்தில் ஆடவைத்தார். அவர் தென்வியட்நாமுக்கு எதிராகக் கோல் அடிக்க, இந்தியா 3–2 என வென்றது. இறுதியாட்டத்தில் காய்ச்சலிலிருந்து மீண்ட தங்கராஜ் இலக்குக் காவலராக நின்றார். இந்தியாவிற்கு எதிரான மனநிலையில் இருந்த பெருங்கூட்டத்தின் முன்னிலையில், செப்டம்பர் 4 அன்று, பானர்ஜியும் ஜர்னைல் சிங்கும் அடித்த கோல்களால் தென்கொரியா 2–1 என வீழ்ந்தது.

இறப்பும் நினைவும்

ஜகார்த்தா வெற்றிக்கு ஓராண்டு நிறைவதற்குள், 1963 ஜூன் 11 அன்று ரகீம் காலமானார். அதன்பின் ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் இந்தியா காற்பந்தாட்டத் தங்கம் வென்றதில்லை. 1960க்குப் பின் ஒலிம்பிக் காற்பந்தாட்டத்திற்குத் தகுதி பெற்றதுமில்லை. ரகீமுக்குப் பின் ஐதராபாத்திலிருந்து தேசிய அணிக்குச் செல்வோரின் எண்ணிக்கையும் படிப்படியாகக் குறைந்தது. அக்கீம் பின்னர் பன்னாட்டு நடுவராகப் பணியாற்றி 2021ல் மறைந்தார். ரகீமின் வாழ்க்கையைத் தழுவி, அஜய் தேவ்கன் நடித்த மைதான் என்ற இந்தித் திரைப்படம் 2024ல் வெளிவந்தது.