மின்னை அளக்க வழிகாட்டிய ஏர்ஸ்டெட்

நாம் வாழும் டென்மார்க் நாடு உலகுக்கு ஈந்த அறிஞர்களுள் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஏர்ஸ்டெட் முதன்மையானவர். அவர் 1777ஆம் ஆண்டு ஓகஸ்ட் 14ஆம் திகதி, லாங்கலாண்ட் தீவிலுள்ள ருட்கேபிங் என்னும் சிறு நகரில் மருந்துச்சாலை நடத்திய ஒருவரின் மகனாகப் பிறந்தார். பெற்றோருக்கு ஓயாத வேலை. ஆதலால் ஹான்ஸும் தம்பி ஆண்டர்ஸும் பொய்முடி செய்யும் ஜெர்மானியர் ஒருவரின் இல்லத்தில் விடப்பட்டு, அங்கே ஜெர்மன் மொழியைக் கற்றனர். ஏனைய கல்வியை ஊரில் அறிந்தவர்களிடமிருந்து சிறிது சிறிதாகத் திரட்டினர். 1793இல் சகோதரர் இருவரும் கோப்பன்ஹேகன் சென்று, பல்கலைக்கழகப் புகுமுகத் தேர்வில் சிறப்புற்றனர். தம்பியார் பின்னாளில் பிரதம மந்திரியானார். தமையனார் 1799இல் கலாநிதிப் பட்டமும் 1806இல் பேராசிரியர் பதவியும் பெற்றார்.

மின்னுக்கும் காந்தத்துக்கும் தொடர்பில்லை என அக்கால அறிஞர் பலர் எண்ணியிருந்தனர். 1820ஆம் ஆண்டு வசந்த காலத்தில், மாணவர் முன்னிலையில் ஏர்ஸ்டெட் ஒரு கம்பியினூடாக மின்னோட்டத்தைச் செலுத்தியபோது, அருகிலிருந்த திசைகாட்டியின் முள் சற்றே அசைந்தது. அவர் அவசரப்படவில்லை. வலிமை மிக்க மின்கலங்களை அமைத்து மீண்டும் மீண்டும் சோதித்து, யூலை 21ஆம் திகதி இலத்தீன் மொழியில் சிறு வெளியீடொன்றை அச்சிட்டு ஐரோப்பிய அறிஞர்களுக்கு அனுப்பினார்.

அந்த அசைவின் பெறுமதி யாது? மின்னோட்டம் கூடினால் முள்ளின் விலகலும் கூடும். எனவே கண்ணுக்குப் புலப்படாத மின்னோட்டத்தை அளக்க ஒரு கருவி கிடைத்தது. ஜெர்மனியில் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிய ஓம் என்பவர், காந்த முள்ளின் விலகலைக் கொண்டே பல்வேறு நீளக் கம்பிகளில் ஓடும் மின்னை அளந்து, 1827இல் தம் விதியை நூலாக வெளியிட்டார். அழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் தடை கிடைக்கும் என்பதே அவ்விதியின் பயன். அழுத்தத்தை மின்னோட்டத்தால் பெருக்கினால் வலு கிடைக்கும். நம் வீட்டுச் சுவரில் 230 வோல்ற்று உண்டு. தண்ணீர்க் கேத்தில் 10 அம்பியர் இழுப்பின், அதன் தடை 23 ஓம். வலு 2300 வாற்று.

ஏர்ஸ்டெட் 1825இல் முதன்முதலாக அலுமினியத்தைப் பிரித்தெடுத்தவருமாவார். 1829இல் கோப்பன்ஹேகனில் தொழினுட்ப உயர்கல்விக் கூடத்தை நிறுவினார். 1851ஆம் ஆண்டு மார்ச் 9ஆம் திகதி காலமானார்.

மாணவச் செல்வங்களே, அவர் ஆற்றிய வேறொரு தொண்டும் உண்டு. தம் சிறிய நாட்டின் மொழியிலும் விஞ்ஞானத்தைச் சொல்ல முடியும் என அவர் நம்பினார். ஒட்சிசனுக்கு இல்ட், ஐதரசனுக்கு பிரின்ட் என நீங்கள் பகற்பள்ளியில் பயிலும் டெனிஷ் சொற்கள் அவர் ஆக்கியவை. அதே நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் டாக்டர் கிறீன் மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். மின்னோட்டம், தடை, வலு ஆகியவற்றை நாமும் நம் ஊர்ப் பள்ளிகளில் தமிழிலேயே கற்றோம், கற்பித்தோம். ஓட்டம், தடை என்பன வீட்டில் வழங்கும் எளிய சொற்களே. டெனிஷ் மொழியும் அவ்வாறே ஓடும் நீரையும் எதிர்ப்பையும் குறிக்கும் சொற்களை இவற்றுக்கு வழங்குகிறது.

இன்றிரவு வீட்டிலுள்ள மின்சாதனம் ஒன்றின் அடியில் பொறித்த வோல்ற்றையும் வாற்றையும் வாசியுங்கள். வாற்றை வோல்ற்றால் வகுத்து மின்னோட்டத்தைக் கண்டு, அதனை அம்மாவுக்கோ அப்பாவுக்கோ தமிழில் விளக்குங்கள். பெற்றோரே, சற்று நேரம் ஒதுக்கிச் செவிமடுங்கள். இரு மொழிகளிலும் விளக்கத் தெரிந்த பிள்ளைக்கு அவ்விடயம் இருமடங்கு தெளிவாகும்.