மயிலாடி வேதமாணிக்கம் செய்த ஊழியம்

மயிலாடி என்றதும் கல்சிற்பம்தான் நம் நினைவுக்கு வரும். கன்னியாகுமரி மாவட்டத்தின் இந்த ஊரில்தான் தென் திருவிதாங்கூரின் முதல் சீர்திருத்தத் திருச்சபை தோன்றியது. அதைத் தொடங்கியவர் ரிங்கல்தௌபே என்ற செர்மானியர் என்பார்கள். அது பாதிக் கதை. அவர் வரக் காரணமாக இருந்தவர் மகாராசன், சாம்பவர் குலத்தில் பிறந்தவர்.

மகாராசன் பக்திமான். தில்லை நடராசரைத் தேடிச் சிதம்பரத்துக்கு யாத்திரை போனவர். நந்தன் கதை அறிந்த நமக்கு, அந்த வாசலில் அவருக்கு என்ன கிடைத்திருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. திரும்பும் வழியில் தஞ்சாவூரில் உறவினர் வீட்டில் தங்கினார். அங்கே கோலாஃப் ஐயர் நடத்திய ஆராதனைக்குப் போனார். தஞ்சைச் சபையிலும் சாதி பார்த்துத்தான் உட்கார்ந்தார்கள். அதை நாம் மறைக்க வேண்டாம். ஆனாலும் உள்ளே இடம் இருந்தது. ஞானஸ்நானம் பெற்று, வேதமாணிக்கம் என்ற பெயரோடு ஊர் திரும்பினார்.

கேட்டதைத் தன் சொந்தபந்தங்களுக்குச் சொன்னார். சிறு கூட்டம் சேர்ந்தது. எங்களுக்கு ஒரு போதகர் வேண்டும் என்று மிஷனரிகளிடம் கேட்டார். 1806இல் ரிங்கல்தௌபே வந்து சேர்ந்தார். கோயில் கட்ட அரசின் அனுமதி எளிதில் கிடைக்கவில்லை. 1809இல்தான் மயிலாடி ஆலயம் எழுந்தது.

ஊழியம் என்ற சொல்லை இங்கே கவனிக்க வேண்டும். இன்று சபைகளில் அது இறைப்பணி. அன்றைய திருவிதாங்கூரில் அது கூலியில்லா வேலை. ஒடுக்கப்பட்ட சாதியாரைப் பிடித்துக்கொண்டுபோய் அரசும் மேல்சாதியாரும் செய்ய வைத்தது. அடிமை முறையே அங்கே 1855இல்தான் சட்டப்படி ஒழிந்தது. அந்த மண்ணில் ஒரு சாம்பவர், யாரும் ஏவாமல், தானே விரும்பி ஓர் ஊழியத்தை ஏற்றார்.

ரிங்கல்தௌபேயும் விசித்திரமான மனிதர். சம்பளத்தை ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு எளிய உடையில் திரிந்தவர். 1816இல் உடல்நலம் கெட்டுப் புறப்பட்டபோது, சபையார் முன்னிலையில் வேதமாணிக்கத்தின் மேல் கைவைத்துப் பொறுப்பை ஒப்படைத்தார். ஐரோப்பியர் யாரையும் அவர் காத்திருக்கவில்லை. பிறகு கப்பலேறியவரின் முடிவு இன்றுவரை தெரியவில்லை.

ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் வேதமாணிக்கமே சபைகளைத் தாங்கினார். மிஷனிலிருந்து வெள்ளைக்காரர் யாரும் இல்லாத அந்தக் காலத்தில் சபை கலைந்துபோகவில்லை. சார்லஸ் மீட் வந்ததும் தலைமையை அவரிடம் விட்டுக்கொடுத்தார். இந்த இரண்டு ஆண்டுகளைத்தான் பலர் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள்.

மயிலாடி ஆலயத்தின் பெயரில் இன்று ரிங்கல்தௌபேயும் வேதமாணிக்கமும் சேர்ந்தே இருக்கிறார்கள்.