ஐந்து பக்கக் கட்டுரை

வலியசாலைத் தமிழரைப் போலவே கேரளத்தில் பிறந்தவர்தான் விஞ்ஞானி ஜி.என். ராமச்சந்திரன். பெயரின் முன்னெழுத்தில் இருப்பது கோபாலசமுத்திரம். பிறந்தது எர்ணாகுளம், 1922.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் பௌதிகப் பேராசிரியராக இருந்தபோது, தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் புரதம் மூன்று புரி முறுக்கிய கயிறு போன்றது என்று கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து 1955-ல் எழுதினார். அணுக்கள் அத்தனை நெருக்கமாக இருக்க முடியாது என்று கிரிக்கும் ரிச்சும் ஆட்சேபித்தனர். கோபிக்கக்கூடிய கட்டம்தான். அவரோ, எவ்வளவு நெருங்கலாம் என்பதையே கணக்கிட உட்கார்ந்துவிட்டார்.

1963-ல் சசிசேகரன், ராமகிருஷ்ணன் ஆகியோருடன் வெளியிட்ட ஐந்தே பக்கக் கட்டுரை அதன் பலன். புரதங்களின் அமைப்பைச் சரிபார்க்க உலகெங்கும் இன்றும் அந்த வரைபடமே பயன்படுகிறது. ஆயிரக்கணக்கான கட்டுரைகள் அதை மேற்கோள் காட்டியுள்ளன. ராமச்சந்திரன் வரைபடம் என்ற பெயரே போதுமென்று, மூலக் கட்டுரையைக் குறிப்பிடாமல் விட்டவர்களும் ஏராளம். அவை எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

நோபல் பரிசு கிட்டாமலே 2001-ல் சென்னையில் காலமானார்.