இரசாயனம் படிப்பித்த துறவி

திருகோணமலை இந்துக் கல்லூரிக்கு ஒரு காலத்தில் சுவாமி விபுலானந்தர் அதிபராக இருந்தார். 'யாழ்நூல்' தந்தவர் என்று அவரைப் பரீட்சைக்குப் பாடமாக்கியிருப்போம். அவர் ஒரு விஞ்ஞான ஆசிரியர் என்பதை ஏனோ பெரிதாகப் பேசுவதில்லை.

1892இல் காரைதீவில் பிறந்த மயில்வாகனன், 1916இல் கொழும்பில் விஞ்ஞான டிப்ளோமா பெற்றார். அதே ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதரும் ஆனார். யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் படிப்பித்தார். 1920இல் லண்டன் பி.எஸ்சி. பட்டம். ஆனால் அந்தக் காலத்தில் இரசாயனம் ஆங்கிலத்தில்தான். ஆங்கிலம் எட்டாத ஊர்ப்பிள்ளைக்கு அந்தக் கதவு பூட்டியே கிடந்தது.

1924இல் துறவு பூண்டவர், இராமகிருஷ்ண மிஷன் பாடசாலைகளைக் கிழக்கில் வளர்த்தார். எழுத்தில் அவருக்கு முன்னால் நின்ற சிக்கல் வேறு. தமிழில் விஞ்ஞானம் எழுத உட்கார்ந்தால் முதல் வரியிலேயே சொல் இல்லை. வடமொழியை அள்ளிப்போட்டால் போதும் என்று ஒரு கட்சி, ஆங்கிலச் சொல்லை அப்படியே எழுதலாம் என்று இன்னொரு கட்சி. 1936இல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்கு அடிகளார் தலைமை தாங்கினார். கணிதம், பௌதிகம், இரசாயனம், தாவரவியல் என்று துறை துறையாகச் சொல் ஆக்கினார்கள். 1938இல் அது 'கலைச்சொற்கள்' என்ற நூலாக வந்தது. பண்டிதரும் விஞ்ஞானியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து செய்ய வேண்டிய வேலை அது. அவரோ இரண்டு பேருமாக இருந்தார்.

இலங்கையில் 1950களில் அரசகரும மொழித் திணைக்களம் அதே வகை வேலையை எடுத்துச் செய்தது. நாங்கள் 'ஒட்சிசன்' என்போம், தமிழ்நாட்டார் 'ஆக்சிஜன்' என்பார்கள். அந்தச் சண்டை இன்றும் முடியவில்லை. முடியாவிட்டாலும் பரவாயில்லை. 2006இல் ஈச்சிலம்பற்று, இலங்கைத்துறைப் பக்கச் சனம் இடம்பெயர்ந்தபோது புத்தகமும் கொப்பியும் வீட்டோடு போயின. பாடம் தமிழில் இருந்தால், ஏ.எல். படித்த ஒரு அக்கா போதும், முகாம் கொட்டகைக்குள் 'ஒளித்தொகுப்பு' சொல்லிக்கொடுக்க.

'யாழ்நூல்' பொதுவாசகருக்கு இலகுவான புத்தகம் அல்ல, உண்மையைச் சொல்ல வேண்டும். நரம்பின் நீளம், அதிர்வு, சுருதிக் கணக்கு என்று பௌதிக ஆசிரியரின் கை அதில் பக்கத்துக்குப் பக்கம் தெரியும். சிலப்பதிகாரத்து இசைக் குறிப்புகளை வைத்து, வழக்கொழிந்த யாழைக் கணக்குப்போட்டு மீட்டெடுத்த நூல் அது. 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேற்றினார். அடுத்த மாதம் 19ஆம் திகதி காலமானார். மட்டக்களப்பு கல்லடி உப்போடையில், தான் எழுப்பிய சிவானந்த வித்தியாலய வளவில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்.