ஜவ்வுத் தாளைப் பாட வைத்த பீட்டர் வாக்கர்



ஆண்டு மலர் என்றாலே எடிசன், சர் சி.வி. ராமன், விஸ்வேஸ்வரய்யா என்று நமக்குப் பழகிப்போன பெயர்கள்தான் வரும். அவர்களைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இந்த முறை ஒலித்துறையில் உலகமே அறிந்த, நம்ம எலெக்ட்ரானிக்ஸ் வகுப்பில் மட்டும் பேச்சே அடிபடாத ஒருவரைப் பற்றி எழுதலாம் என்று பேனாவை எடுத்தேன். அவர் பெயர் பீட்டர் வாக்கர். ஆம்ப்ளிஃபையர் கடைக்காரர்களிடம் 'குவாட்' என்றால் தெரியும். அந்தக் குவாட்டின் சொந்தக்காரர்தான் இவர்.

பிறந்தது 1916-ல், இங்கிலாந்தில். 1936-ல் லண்டனில் சொந்தமாக ஒரு கம்பெனி ஆரம்பித்தார். கணக்குப் போட்டுப் பாருங்கள், இருபது வயசு! எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டி வந்தவர்களில் நான்தான் முதல் ஆள். எனக்கு இப்போது பதினெட்டு. இன்னும் ரெண்டே வருஷத்தில் என்னால் ஒரு பெயர்ப்பலகை மாட்ட முடியுமா என்று நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. அவர் மாட்டினார். பெரிசா ஒன்றும் இல்லை, நம்ம ஊர்ப் பேச்சில் சொன்னால் மைக் செட் தொழில். மண்டபங்களுக்கும் கூட்டங்களுக்கும் ஆம்ப்ளிஃபையர் செய்து கொடுத்தார். கம்பெனிக்கு அக்கூஸ்டிகல் மேனுஃபேக்சரிங் கம்பெனி என்று பெயர். இரண்டாம் உலகப் போரில் லண்டன் மீது குண்டு விழுந்து இடம் போனது. 1941-ல் ஹண்டிங்டன் என்ற சின்ன ஊருக்குக் குடிபெயர்ந்தார். பிறகு கடைசிவரை அந்த ஊர்தான்.

போர் முடிந்ததும் வீடுகளில் நல்ல சங்கீதம் கேட்க ஆசைப்பட்டவர்கள் பெருகினார்கள். வாக்கர் மைக் செட்டை விட்டு வீட்டுப் பக்கம் திரும்பினார். 'குவாலிட்டி யூனிட் ஆம்ப்ளிஃபையர் டொமஸ்டிக்' என்பதன் சுருக்கமே குவாட். 1953-ல் வந்த குவாட் 2 வால்வு ஆம்ப்ளிஃபையர் வெறும் 15 வாட்தான். இன்று ஆட்டோவில் மாட்டும் செட்டில்கூட அதைவிடப் பெரிய நம்பர் அச்சடித்திருப்பார்கள்! ஆனால் அந்த 15 வாட் சுத்தமான 15 வாட். வார்ஃப்டேல் ஸ்பீக்கர் கம்பெனியின் கில்பர்ட் பிரிக்ஸ் 1954-ல் லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் நிஜக் கச்சேரியையும் பதிவு செய்த இசையையும் மாற்றி மாற்றிக் கேட்க வைத்துச் சபையை அசத்தினாரே, அந்த மேடையில் ஓடியது வாக்கரின் ஆம்ப்ளிஃபையர். வாக்கருக்குப் புல்லாங்குழல் வாசிக்கவும் தெரியும். மீட்டர் ஒரு கையில், குழல் ஒரு கையில் என்று இருந்த மனுஷன்.

இனிமேல்தான் விஷயமே. நாம் பிரித்துப் பார்த்த ஸ்பீக்கரில் காந்தம், வாய்ஸ் காயில், பேப்பர் கூம்பு இருக்கும். காயில் கூம்பின் கழுத்தை மட்டும்தான் தள்ளும். கழுத்து நகர்ந்தால் விளிம்பும் அதே நொடியில் நகரணும். மேல் சுருதிகளில் அது நடப்பதில்லை. கூம்பு தனக்குள்ளேயே நெளியும். வாக்கருக்கு இது உறுத்தியது. 1949-லேயே கார்னர் ரிப்பன் என்று ஒரு ஸ்பீக்கர் செய்தார். மேல் ஸ்தாயிக்கு மெல்லிய உலோக ரிப்பன், கீழ் ஸ்தாயிக்குச் சாதாரணக் கூம்பு. அதாவது ஒரு கலப்பினம். இரண்டு வேறு ஜாதி வேலைக்காரர்களை ஒரே வேலையில் கட்டிப் போட்டால் என்ன கஷ்டம் வரும் என்று அவருக்கு அப்போதே தெரிந்திருக்கும் என்பது என் ஊகம்.

எலெக்ட்ரோஸ்டாடிக் ஸ்பீக்கர் வேறு கதை. இரண்டு ஓட்டைத் தகடுகள், நடுவே மைக்ரான் கணக்கில் மெல்லிய பிளாஸ்டிக் படலம். பார்த்தால் நம்ம ஜவ்வுத் தாள் மாதிரி. படலத்துக்கு ஆயிரக்கணக்கான வோல்ட் நிலை மின்னழுத்தம். ஆம்ப்ளிஃபையர் சிக்னலை டிரான்ஸ்ஃபார்மரில் ஏற்றித் தகடுகளுக்குக் கொடுத்தால் ஒன்று தள்ளும், மற்றது இழுக்கும். காயில் இல்லை, கழுத்து இல்லை. படலம் முழுசும் ஒரே நேரத்தில் தள்ளப்படுகிறது. படலத்தின் எடை அதை ஒட்டி நிற்கும் காற்றின் எடையைவிடப் பெரிசில்லை. இது புதுசு இல்லை, பழைய யோசனைதான். பின் ஏன் யாரும் உருப்படியாகச் செய்யவில்லை? படலம் ஒரு தகட்டின் பக்கம் நகர்ந்ததும் மின்னூட்டம் அந்தப் பக்கம் ஓடிச் சேரும். விசை திடீரென்று கூடும், ஒலி கெடும். அமெரிக்காவில் ஹார்வர்டு பேராசிரியர் ஹண்ட் 1954-ல் வெளியிட்ட நூலில் இதற்கு வழி சொன்னார்: மின்னூட்டத்தை நகரவிடாமல் நிலையாக வைத்தால் விசை சிக்னலுக்கு நேர்விகிதமாகவே இருக்கும். வாக்கர், வில்லியம்சன் ஆம்ப்ளிஃபையர் புகழ் வில்லியம்சனோடு சேர்ந்து, படலத்தின் மீது மிக அதிக மின்தடை உள்ள பூச்சைப் பூசி அதைச் செய்து காட்டினார். 1955-ல் வயர்லெஸ் வேர்ல்டு பத்திரிகையில் இந்தக் கணக்கு முழுவதையும் தொடர் கட்டுரையாக ஊரறிய எழுதியும் விட்டார். தொழில் ரகசியம் என்று பூட்டி வைக்கவில்லை. எனக்கு அவர் மேல் மரியாதை வந்தது இந்த இடத்தில்தான்.

1957-ல் குவாட் ஈ.எஸ்.எல். விற்பனைக்கு வந்தது. பார்ப்பதற்கு ரூம் ஹீட்டர் மாதிரி இருக்கும்! நடுவில் மேல் ஸ்தாயிக்கு ஒரு பேனல், இரு பக்கமும் கீழ் ஸ்தாயிக்கு இரண்டு பேனல்கள். பாஸ் பேனலுக்கு 6,000 வோல்ட், நடு பேனலுக்கு 1,500 வோல்ட். பேனல் என்பதே ஒரு கெப்பாசிட்டர். அதற்குத் தொடராக ஒரு ரெசிஸ்டர் போட்டால் மேல் சுருதிகள் தானே வடிகட்டப்படும். கெப்பாசிட்டரை வாங்கி வந்து கிராஸ்ஓவர் கட்டாமல், ஸ்பீக்கரையே கிராஸ்ஓவரின் பாதியாக்கிய சாமர்த்தியம் இது. 1985 வரை தயாரிப்பில் இருந்தது, ஐம்பதாயிரத்துக்கும் மேல் விற்றது.

குறை இல்லாமல் இல்லை. சத்தம் அதிகம் வராது. பாஸ் ஆழம் போதாது. காரணத்தைப் பாருங்கள். அதே அளவு சத்தத்துக்கு அதிர்வெண் பாதியானால் படலம் நான்கு மடங்கு தூரம் ஆட வேண்டும். தகடுகளுக்கு நடுவே இருப்பதோ மில்லிமீட்டர் கணக்கில் இடம். போதாததற்கு, பெட்டி இல்லாத பேனல் முன்னும் பின்னும் எதிரெதிராக ஊதுவதால் கீழ் சுருதியில் பின்காற்று சுற்றி வந்து முன்காற்றை அழித்துவிடும். ஆகவே நிறையப் பேர் யோசித்தது ஒன்றே: பாஸை மட்டும் கூம்பிடம் கொடுத்துவிடுவோம். அமெரிக்காவில் ஆர்தர் ஜான்சன் 1950-களிலேயே எலெக்ட்ரோஸ்டாடிக் ட்வீட்டரை வேறு கம்பெனியின் வூஃபரோடு சேர்த்துப் பார்த்தார். 1970-களில் மார்க் லெவின்சன், வாக்கரின் ஈ.எஸ்.எல். இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கீழே 24 அங்குல ஹார்ட்லி வூஃபர், மேலே டெக்கா ரிப்பன் சேர்த்து எச்.கியூ.டி. என்று ஒரு செட் கட்டினார். 100 ஹெர்ட்ஸிலும் 7,000 ஹெர்ட்ஸிலும் இரண்டு வெட்டு.

வெட்டு என்றதும் நம்ம லேப் நினைவு வரும். ஒரு காயிலும் ஒரு கெப்பாசிட்டரும் போட்டால் ஆக்டேவுக்கு 6 டெசிபெல் சரிவு, இரண்டிரண்டு போட்டால் 12. ஆனால் சுற்று சரியாக அமைந்தால் வேலை முடிந்தது என்று நினைத்தால் அதோகதிதான்! கலப்பின ஸ்பீக்கரில் பேனல் முன்னும் பின்னும் மட்டும் ஊதும், பக்கவாட்டில் ஊமை. வூஃபரோ கீழ் சுருதியில் நாலாபக்கமும் ஊதும். அதோடு, உயரமான பேனலின் சத்தம் தூரம் இரட்டித்தால் சுமார் 3 டெசிபெல் குறையும், வூஃபரின் சத்தம் 6 குறையும். அப்படியானால் முன் நாற்காலியில் சரியாக இருந்த சேர்க்கை பின் நாற்காலியில் பாஸ் மெலிந்து கேட்கும். எந்தக் கெப்பாசிட்டரைப் போட்டு இதைச் சரிசெய்வீர்கள்? இது அறையின் கணக்கு.

இதற்கு ஆளுக்கொரு வழி கண்டார்கள். 1983-ல் தொடங்கிய மார்ட்டின் லோகன், பேனலையே வில் போல வளைத்து ஒலியைச் சுமார் 30 டிகிரிக்கு விரித்தது. 2005-ல் அவர்கள் விட்ட சம்மிட் என்ற மாடலில் 270 ஹெர்ட்ஸில் வெட்டு, கீழே சொந்த ஆம்ப்ளிஃபையரோடு இரண்டு 10 அங்குல வூஃபர்கள். அறைக்குத் தகுந்தபடி பாஸைக் குமிழ் திருகிக் கூட்டிக் குறைக்கலாம். ரோஜர் சாண்டர்ஸ் நேர்மாறு. பேனலைத் தட்டையாகவே விட்டார். ஒலி டார்ச் வெளிச்சம் போல ஒரே நாற்காலிக்குப் போகும், சுவர் எதிரொலி குறையும். அவருடைய மாடல் 10-ல் 172 ஹெர்ட்ஸில் வெட்டு, ஆக்டேவுக்கு 48 டெசிபெல் சரிவு. அவ்வளவு செங்குத்தாக வெட்டினால் கூம்பும் படலமும் சேர்ந்து பாடும் பகுதி மிகக் குறுகிவிடும். லிங்க்விட்ஸும் ரைலியும் 1976-ல் சொன்ன முறையில் வெட்டினால் இருவரும் சந்திக்கும் இடத்தில் ஃபேஸ் ஒன்றாக இருக்கும், கூட்டுத்தொகை மேடு பள்ளம் இல்லாமல் வரும். 172 ஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 2 மீட்டர். அலை அத்தனை நீளமானால் வூஃபர் பேனலுக்குக் கீழே இருப்பதைக் காது கண்டுபிடிக்காது. ஆனால் அவ்வளவு கீழே வெட்டினால் படலம் அதிகம் ஆட வேண்டும், பேனல் பெரிசாகணும். மேலே வெட்டினால் மனிதக் குரலின் நடுவிலேயே தையல் விழும். ஒன்றைப் பிடித்தால் ஒன்று நழுவுகிறது.

வாக்கர் இந்த வழிக்கே வரவில்லை. 1963-ல் ஒரு யோசனையைத் தொடங்கி, 1981-ல்தான் விற்பனைக்கு விட்டார். பதினெட்டு வருஷம், என் வயசு! ஈ.எஸ்.எல். 63 என்ற அந்த ஸ்பீக்கரில் தகடு நடுவட்டமும் சுற்றி வளையங்களுமாகப் பிரிக்கப்பட்டிருக்கும். சிக்னல் முதலில் நடுவட்டத்துக்கு, பிறகு காயில்களால் ஆன தாமதக் கம்பி வழியாக ஒவ்வொரு வளையத்துக்கும் கொஞ்சம் கொஞ்சம் பிந்திப் போகும். குளத்தில் கல் விழுந்தால் அலை விரியுமே, அதே போல. படலம் தட்டை, ஆனால் ஒலியோ படலத்துக்கு 30 சென்டிமீட்டர் பின்னால் ஒரு புள்ளியில் பிறந்தது போலக் கோளமாக விரிகிறது. மார்ட்டின் லோகன் தகட்டை வளைத்துச் செய்ததை இவர் நேரத்தை வளைத்துச் செய்தார். மேல், கீழ் என்று கிராஸ்ஓவர் வெட்டே கிடையாது.

நடுவில் 1975-ல் குவாட் 405 ஆம்ப்ளிஃபையர். இங்கேயும் ஒரு கிராஸ்ஓவர் தகராறு, பெயர் ஒன்று, ஆள் வேறு. பவர் டிரான்சிஸ்டர் இரண்டும் வேலையைக் கை மாற்றிக் கொள்ளும் இடத்தில் வருகிற கோணலுக்கும் கிராஸ்ஓவர் டிஸ்டார்ஷன் என்றுதானே படிக்கிறோம்? வாக்கரும் அவருடைய எஞ்சினியர் மைக்கேல் ஆல்பின்சனும் ஒரு சின்ன, சுத்தமான ஆம்ப்ளிஃபையரைக் காவலுக்கு வைத்து, பெரிய டிரான்சிஸ்டர்களைச் சும்மா மூட்டை தூக்க விட்டார்கள். நாம் முதல் வருஷம் போட்ட வீட்ஸ்டோன் பிரிட்ஜ் மாதிரி ஒரு சமநிலை அமைத்து, பெரியவர்கள் செய்யும் கோணல் வெளியே வராமல் அடைத்தார்கள். 1978-ல் இதற்கு இங்கிலாந்து ராணியின் தொழில்நுட்ப விருது கிடைத்தது.

எலெக்ட்ரோஸ்டாடிக் ஸ்பீக்கர் எதையும் நான் காதால் கேட்டதில்லை; வரைபடத்தையும் கணக்கையும் வைத்துக்கொண்டுதான் பேசுகிறேன். தவில், டிரம் என்று அடி விழும் இசைக்கும் பெரிய ஹாலுக்கும் கலப்பினம்தான் சரி என்று படுகிறது. அங்கே வாக்கர் பிடிவாதம் பிடித்தார் என்றே சொல்வேன். ஈ.எஸ்.எல். 63-ஐ வாங்கியவர்களே பாஸ் போதாமல் தவித்தார்கள். அதற்கென்றே ஃபின்லாந்தின் கிரேடியன்ட் கம்பெனி பெட்டியில்லாத, முன்னும் பின்னும் ஊதுகிற வூஃபர் செய்து விற்றது. பேனல் ஊதுகிற மாதிரியே வூஃபரையும் ஊத வைத்ததால் சேர்க்கை ஒட்டியது. ஆனால் ஒரு குரல், ஒரு வீணை என்றால் நடுவில் தையல் இல்லாத துணிக்கே என் ஓட்டு.

வாக்கருக்குப் பிறகு மகன் கம்பெனியைப் பார்த்துக்கொண்டார். 1995-ல் வெரிட்டி குழுமத்துக்கும் 1997-ல் ஐ.ஏ.ஜி. குழுமத்துக்கும் குவாட் கை மாறியது. வளையமும் தாமதமும் கொண்ட அதே அமைப்பில் 988, 989 என்று புது மாடல்கள் வந்தன. 2003 டிசம்பரில் வாக்கர் காலமானார், 87 வயசு. 1957-ன் பழைய பேனல்களில் படலம் தளர்ந்து, தகட்டில் தீப்பொறி பறந்து செத்துப்போனவற்றைப் பிரித்து, புதுப் படலம் இழுத்துக் கட்டி, பூச்சு பூசி, மறுபடியும் பாட வைக்கிறவர்கள் இப்போதும் பல நாடுகளில் இருக்கிறார்கள்.